ஆப்பிரிக்கக் காட்டு நாய்கள் இழந்த நிலத்துக்குத் திரும்புவது எப்படி நடக்கிறது?

கேள்வி: ஆப்பிரிக்கக் காட்டு நாய்கள் அழிந்துபோன பகுதிகளில் அவற்றை மீண்டும் குடியேற்றி வருகிறார்கள் என்று படித்தேன். வேறோர் இடத்தில் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டால் போதுமா? அவை தாமாகவே திரும்பி வருவதும் உண்டா? வந்தவை நிலைத்து நிற்குமா?

பதில்:

இரண்டு வழிகளிலும் அவை திரும்பியிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவிலும் மொசாம்பிக்கிலும் மனிதர்கள் சுமந்துபோய் விட்டிருக்கிறார்கள். கென்யாவின் லைக்கிப்பியா மேட்டுநிலத்துக்கு அவை தம் கால்களாலேயே நடந்து வந்தன. பிடித்து விடுவது மட்டும் போதுமா என்றால், போதாது என்பதுதான் கடந்த நாற்பது ஆண்டுகளின் அனுபவம். அதற்கான காரணம் இந்த விலங்கின் வாழ்க்கை முறையிலேயே இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். காட்டு நாய் என்றதும் நம் நினைவுக்கு வருவது முதுமலையிலும் பந்திப்பூரிலும் திரியும் செந்நாய். அது வேறு இனம். கூட்டமாக வேட்டையாடுவதில் இரண்டும் ஒத்திருந்தாலும், ஆப்பிரிக்கக் காட்டு நாயின் உடலில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் சாயம் தெளித்ததுபோல் கலந்து கிடக்கும். ஒரு நாயின் திட்டுகள் இன்னொன்றுக்கு இருப்பதில்லை என்பதால் ஆய்வாளர்கள் புகைப்படத்தைக் கொண்டே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். காதுகள் வட்டமாகவும் பெரிதாகவும் இருக்கும். மற்ற நாயினங்களின் முன்னங்கால்களில் காணப்படும் ஐந்தாவது விரல் இதற்குக் கிடையாது. 1820ஆம் ஆண்டு இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டிய டச்சு விலங்கியலாளர் டெம்மிங்க், இதைக் கழுதைப்புலி வகை என்றே எண்ணிவிட்டார். இன்று வழங்கும் லைக்கான் பிக்டஸ் என்ற பெயரில் உள்ள பிக்டஸ் என்ற சொல்லுக்கு வண்ணம் தீட்டப்பட்டது என்று பொருள்.

சகாராவுக்குத் தெற்கே மழைக்காடும் கடும் பாலையும் தவிர்த்த பெரும்பாலான நிலங்களில் ஒரு காலத்தில் இவை திரிந்தன. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2012இல் செய்த மதிப்பீட்டின்படி மொத்தம் சுமார் 6,600 நாய்களே எஞ்சியிருந்தன. அவற்றுள் இனப்பெருக்கம் செய்யும் நிலையில் இருந்தவை சுமார் 1,400. அவையும் ஒன்றோடொன்று தொடர்பற்ற 39 தொகுதிகளாகச் சிதறிக் கிடந்தன. நிலையாக வாழும் பரப்பு பழைய பரப்பில் ஏறத்தாழ 7 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலின் நியோகோலோ-கோபா போன்ற மிகச் சில இடங்களைத் தவிர எங்கும் இல்லை என்றே சொல்லலாம்.

இந்த வீழ்ச்சிக்குப் பின்னால் திட்டமிட்ட கொலையும் இருந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் காட்டு நாயைத் தீங்கு விலங்கு என்று வகைப்படுத்தி, சுட்டவர்களுக்குப் பல இடங்களில் பரிசுப் பணம் கொடுத்தார்கள். தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே காவலர்கள் இவற்றைச் சுட்ட காலமும் உண்டு. இரையைக் கழுத்தைக் கவ்வி மூச்சடைத்துக் கொல்லும் சிங்கம் கம்பீரமாகத் தெரிந்தது. ஓடவிட்டுக் களைத்த மானைக் கூட்டமாகக் கிழிக்கும் நாய் கொடூரமாகத் தெரிந்தது. பார்த்தவர்களின் இந்த அருவருப்புக்காக ஓர் உயிரினம் கண்டம் முழுவதும் சுடப்பட்டது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். துப்பாக்கி ஓய்ந்த பிறகு வேலிகளும் சாலைகளும் பண்ணைகளும் நிலத்தைத் துண்டாடின. மான் பிடிக்க வைக்கும் சுருக்குக் கம்பிகளும், வீட்டு நாய்களிடமிருந்து பரவும் வெறிநோயும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் எஞ்சியவற்றைக் குறைத்தன.

இனி கூட்டத்துக்கு வருவோம். காட்டு நாயைப் பொறுத்தவரை தனி விலங்கு என்பது ஏறக்குறைய பொருளற்றது; கூட்டம்தான் உயிர்வாழும் அலகு. பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே குட்டி ஈனுகின்றன. மற்றவை அந்தக் குட்டிகளை வளர்க்கின்றன. ஏறத்தாழ எழுபது நாள் சினைக்குப் பிறகு ஒரே ஈற்றில் பத்துக் குட்டிகள் பிறப்பது சாதாரணம், இருபது வரைகூடப் பிறக்கும். கரையான் தின்னும் ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டிக் கைவிட்ட பழைய வளைகளில் ஏறத்தாழ மூன்று மாதம் குட்டிகள் இருக்கும். விடியற்காலை வேட்டை முடிந்து பெரியவை திரும்பும்போது வளை வாயிலில் நடப்பதைப் பார்த்தால் இந்த விலங்கைப் பற்றிப் பாதி புரிந்துவிடும். குட்டிகள் கீச்சிட்டுக்கொண்டு ஓடிவந்து பெரியவற்றின் வாயோரத்தை நக்கி முட்டும். பெரியவை தலையைத் தாழ்த்தி, வயிற்றில் சுமந்து வந்த இறைச்சியைக் குட்டிகளின் முன் கக்கும். காவலுக்கு நின்ற நாய்க்கும், அடிபட்டு வேட்டைக்குப் போக இயலாத நாய்க்கும் இதே முறையில் பங்கு கிடைக்கும். இரை விழுந்த இடத்திலும் அந்த ஆண்டுக் குட்டிகள் தின்ற பிறகே பெரியவை தின்னும்.

புறப்படும் முடிவுகூடக் கூட்டாகத்தான் எடுக்கப்படுகிறது. போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ பகுதியில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஓய்வெடுக்கும் கூட்டம் எழுந்து வேட்டைக்குக் கிளம்புமா என்பது நாய்கள் போடும் தும்மல்களின் எண்ணிக்கையைப் பொறுத்திருப்பதைக் காட்டியது. தலைமை நாய் கிளப்பினால் மூன்று தும்மல் அளவில் கூட்டம் நகர்ந்துவிடும். கீழ்நிலை நாய் தொடங்கிவைத்தால் பத்துத் தும்மலாவது தேவைப்படும்.

இவ்வளவு நெருக்கமான குடும்ப வாழ்க்கையை வெறும் கூண்டுப் போக்குவரத்தால் இடம் மாற்ற முடியாது. தென்னாப்பிரிக்காவின் ஹிலுஹிலுவே-இம்ஃபொலோஸி காப்பகத்தில் 1980களின் தொடக்கத்திலேயே காட்டு நாய்களை விட்டுப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவின் பல இடங்களில் நடந்த ஆரம்ப முயற்சிகள் தோற்றதற்கு முக்கியக் காரணம், விடப்பட்டவை கூண்டில் பிறந்து வளர்ந்தவையாக இருந்ததே. அவற்றுக்கு வேட்டை தெரியவில்லை; சிங்கத்தைக் கண்டால் விலக வேண்டும் என்பதும் தெரியவில்லை. ஒன்றையொன்று அறியாத நாய்களை ஒரே நேரத்தில் திறந்துவிட்டபோது அவை நாலாபக்கமும் சிதறின.

1990களின் நடுவில் தென்னாப்பிரிக்காவின் மடிக்வே காப்பகத்தில் வேறு வழியைக் கையாண்டார்கள். காட்டில் பிடித்த மூன்று நாய்களையும் கூண்டில் வளர்ந்த மூன்றையும் போமா என்று அங்கே அழைக்கப்படும் வேலியடைப்புக்குள் ஒன்றாக விட்டு, ஒரு கூட்டமாகப் பழகிய பிறகே திறந்துவிட்டார்கள். காட்டு அனுபவம் உள்ளவை முன்னே ஓட, மற்றவை பார்த்துக் கற்றுக்கொண்டன. இன்று தென்னாப்பிரிக்காவில் இதுவே நடைமுறையின் அடிப்படை. ஓரிடத்திலிருந்து அண்ணன் தம்பிகளையும், உறவில்லாத இன்னோரிடத்திலிருந்து அக்கா தங்கைகளையும் கொண்டுவருகிறார்கள். ஏனென்றால் இயற்கையிலும் புதுக்கூட்டம் அப்படித்தான் உருவாகிறது. மயக்க ஊசி போட்டு ஒரே வண்டியில் அருகருகே கிடத்தி, ஒன்றின் உடலை இன்னொன்றின் மேல் நன்றாகத் தேய்க்கிறார்கள். விழித்தெழும்போது எல்லாவற்றின் மேலும் ஒரே வாடை வீசுவதால், அந்நியன் என்ற எண்ணம் மட்டுப்பட்டுச் சண்டை குறைகிறது. பிறகு சில வாரங்களோ மாதங்களோ அடைப்புக்குள் வைத்து, ஒரே இரையைப் பங்கிட்டு உண்ணவும் அடுத்தடுத்துப் படுத்து உறங்கவும் தொடங்கிவிட்டனவா என்று பார்க்கிறார்கள். நெருக்கம் உருவாகாத கூட்டத்தை அவசரப்பட்டு விட்டால் அதுவரை செய்த உழைப்பு முழுவதும் வீணாகிவிடும்.

குரூகர் தேசியப் பூங்காவுக்கு வெளியே தென்னாப்பிரிக்காவில் இன்னொரு சிக்கல் இருந்தது. ஒரு கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் தேவை. சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டும். எஞ்சியிருந்த காப்பகங்களோ வேலிக்குள் அடைபட்ட சிறு தீவுகள். ஒன்றில் ஒன்றிரண்டு கூட்டங்களுக்கு மேல் தாங்காது. அதனால் 1997இல் கூடிப் பேசிய வல்லுநர்கள், இந்தத் தீவுகளை எல்லாம் சேர்த்து ஒரே தொகுதியாகக் கருதி நிர்வகிப்பது என்று முடிவெடுத்தார்கள். பத்து ஆண்டுகளில் குறைந்தது ஒன்பது கூட்டங்கள் என்பது அப்போது வைத்த இலக்கு; காலக்கெடுவுக்கு முன்னரே அதை எட்டினார்கள். வளர்ந்த நாய்கள் பிறந்த கூட்டத்தைவிட்டுத் துணை தேடிப் போகும் வயதில் வேலி குறுக்கே நிற்பதால், அந்தப் பயணத்தை மனிதர்களே வண்டியிலும் சிறு விமானத்திலும் ஏற்றிச் செய்து முடிக்கிறார்கள். நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நடந்து கூட்டம் நலிவதைத் தடுக்க வேறு வழி இல்லை. இதைத் திரும்பி வந்தது என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆண்டுதோறும் மனிதக் கை தேவைப்படும் ஏற்பாடு அது என்பது உண்மைதான். ஆனால் அது இல்லாவிட்டால் குரூகருக்கு வெளியே அந்த நாட்டில் காட்டு நாய்களைக் காண்பதே அரிதாகியிருக்கும் என்பதால் நான் அதைக் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

வேலி இன்னொரு விளைவையும் கொண்டுவந்தது. பிலனெஸ்பெர்க் போன்ற இடங்களில் நாய்கள் மானை வேலியோரமாக விரட்டி மடக்கப் பழகிக்கொண்டன. திறந்த வெளியில் ஓடித் தப்பக்கூடிய பெரிய மான்கள்கூட இதனால் விழுந்தன. பணம் கொடுத்து மான் வாங்கி வளர்க்கும் தனியார் காப்பக உரிமையாளருக்கு இது நேரடி இழப்பு. நாய்களைக் காணவரும் சுற்றுலாப் பயணிகள் தரும் வருமானத்தால் சிலர் பொறுத்துக்கொள்கிறார்கள், சிலர் பொறுப்பதில்லை. அந்த எதிர்ப்பைப் புறந்தள்ளிவிட்டுத் திட்டம் போட்டால் நாய்கள் வேலி தாண்டிய அன்றே சுடப்படும்.

மொசாம்பிக்கின் கொரங்கோசா தேசியப் பூங்காவின் கதை இதிலிருந்து மாறுபட்டது. 1977 முதல் 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போரிலும் அதைத் தொடர்ந்த வேட்டையிலும் அங்கிருந்த பெரிய விலங்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழிந்தன. காட்டு நாய்கள் முற்றிலும் மறைந்தன. சிறுத்தையும் கழுதைப்புலியும் இருந்த சுவடு தெரியாமல் போயின. சிங்கங்கள் மட்டும் சிறு எண்ணிக்கையில் தப்பின. அமைதி திரும்பிய பிறகு அரசும், அமெரிக்கரான கிரெக் கார் நிறுவிய அறக்கட்டளையும் இணைந்து பூங்காவை மீட்கத் தொடங்கின. மான்கள் பெருகின. ஆனால் அவற்றை அச்சுறுத்த ஆளில்லை. புதர்க்காட்டுக்குள் ஒளிந்து வாழும் இயல்புடைய புஷ்பக் மான், திறந்த வெள்ளச்சமவெளிக்கு வந்து பகலில் மேயத் தொடங்கியது. அங்கே சத்தான தீவனம் கிடைத்ததால் அதன் உடலும் தேறியது. 2019இல் வெளியான ஆய்வில், வேட்டை விலங்குகளின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டும் அவற்றின் எச்சத்தின் வாடையைப் பரப்பியும் பார்த்தபோது, இந்த மான்கள் மீண்டும் புதருக்குள் ஒதுங்கின. எத்தனை தலைமுறை கடந்தும் அந்த அச்சம் உடலில் மிச்சமிருந்தது என்பதை நினைக்கையில் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

அந்தச் சமவெளிக்கு 2018இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 14 காட்டு நாய்கள் விமானத்தில் வந்திறங்கின. சில வாரங்கள் போமாவில் இருந்து, கூட்டமாகப் பிணைந்த பின் திறந்துவிடப்பட்டன. அடுத்த ஆண்டு மேலும் ஒரு குழு வந்தது. குட்டிகள் தொடர்ந்து பிழைத்தன. கூட்டங்கள் பிரிந்து புதுக்கூட்டங்கள் உருவாயின. சில ஆண்டுகளுக்குள் எண்ணிக்கை பல மடங்கானது. 2021இல் மலாவியின் லிவோண்டே, மஜேட்டே ஆகிய இரண்டு காப்பகங்களுக்குமாக 14 நாய்களை அனுப்பியபோது, அவற்றில் ஒரு பகுதி கொரங்கோசாவிலிருந்தே சென்றது. ஒரு நாயும் இல்லாதிருந்த பூங்கா மூன்றே ஆண்டுகளில் பக்கத்து நாட்டுக்கு நாய் கொடுக்கும் நிலைக்கு வந்தது. இத்தனை வேகத்துக்குக் காரணமும் தெளிவு. நிலம் பரந்தது, சுற்றி வேலி இல்லை, இரை ஏராளம், சிங்கங்கள் குறைவு. காட்டு நாய்க்குச் சிங்கம் பசிக்காகக் கொல்லும் எதிரி அல்ல, போட்டியாளனை ஒழிக்கக் கொல்லும் எதிரி. வளையில் குட்டிகளைக் கண்டால் சிங்கம் விட்டுவைக்காது. சிங்கமும் கழுதைப்புலியும் நிறைந்த பூங்காக்களில் இரை எவ்வளவு இருந்தாலும் காட்டு நாய் ஓரங்களில்தான் ஒதுங்கி வாழும். புகழ்பெற்ற பூங்கா என்பதாலேயே அது காட்டு நாய்க்கு நல்ல இடம் என்று முடிவுகட்டக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

தாமாகத் திரும்பியதற்கு லைக்கிப்பியாவைவிடச் சிறந்த சான்று இல்லை. அது தேசியப் பூங்கா அல்ல. தனியார் பண்ணைகளும், மாசாய், சம்புரு மக்களின் பொது மேய்ச்சல் நிலங்களும் கலந்த பகுதி. அங்கிருந்து 1980களில் மறைந்த காட்டு நாய்கள், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, யாரும் கொண்டுவந்து விடாமலே வந்து சேர்ந்தன. ஆண்கள் மட்டுமோ பெண்கள் மட்டுமோ கொண்ட குழுவாகப் புறப்பட்டுத் துணைதேடி அலையும் இளம் நாய்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகக்கூடியவை. சாம்பியாவில் மூன்று சகோதரிகள் ஒன்பது மாதங்களில் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தது கழுத்துப்பட்டைக் கருவி மூலம் பதிவாகியிருக்கிறது. ஆகவே வழி திறந்திருந்தால் வருவதில் அவற்றுக்குத் தடை இல்லை. வந்த இடத்தில் ஆட்டையும் மாட்டையும் வைத்துப் பிழைக்கும் மக்கள் அவற்றை வாழவிடுவார்களா என்பதே கேள்வியாக இருந்தது.

லண்டன் விலங்கியல் கழகத்தைச் சேர்ந்த ரோஸி வுட்ரோஃப் 2001 முதல் அங்கே இதை ஆராய்ந்தார். 2005இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்கு எல்லோரையும் சிந்திக்க வைத்தது. காட்டு இரை, குறைவாகவேனும், எஞ்சியிருந்த இடங்களில் 1,000 சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரே ஒரு தாக்குதல்தான் கால்நடைகள்மேல் நடந்தது. ஒரு காட்டு நாயைப் பொறுத்துக்கொள்ள ஆண்டுக்கு ஆன செலவு 3.40 டாலர். காட்டு இரை அடியோடு அருகிப்போன இடத்தில் அதே செலவு 389 டாலராக ஏறியது. லைக்கிப்பியாவில் காட்டு நாய்களின் முக்கிய உணவு டிக்-டிக் என்னும், முயலைவிடச் சற்றே பெரிய குட்டி மான். புதர் இருந்தால் டிக்-டிக் இருக்கும், டிக்-டிக் இருந்தால் நாய் ஆட்டுப்பட்டியை நாடாது. பகலில் மேய்ப்பர் உடன் நிற்பதும், இரவில் முள்வேலிப் பட்டிக்குள் அடைப்பதுமான பழைய மேய்ச்சல் வழக்கங்களே மீதிப் பாதுகாப்பைத் தந்தன. இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில், விலங்கோடு வாழும் சுமையை அந்த மக்கள் தலையில் ஏற்றிவிட்டு நகராமல், அந்தச் சுமை எங்கே தாங்கத்தக்கது, எங்கே தாங்க முடியாதது என்று அது பிரித்துச் சொல்கிறது.

இனி, நிலைத்து நிற்குமா என்ற கடைசிக் கேள்வி. லைக்கிப்பியாவில் செழித்திருந்த கூட்டங்களை 2017இல் டிஸ்டெம்பர் நோய் தாக்கி, சில மாதங்களில் கிட்டத்தட்டத் துடைத்தெறிந்தது. மடிக்வேயில் விடப்பட்டவற்றின் வழிவந்த நாய்களில் பெரும்பாலானவற்றை 1997இல் வெறிநோய் கொன்றது. தான்சானியாவின் ம்கோமாஸியில், மீண்டும் காட்டில் விடுவதற்கென்றே அடைப்புக்குள் வளர்த்த 52 நாய்களில் 49, 2000ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய டிஸ்டெம்பரால் இறந்தன. அவற்றுக்குத் தடுப்பூசியும் போடப்பட்டிருந்தது. ஒன்றின் வாயிலிருந்து ஒன்று உண்டு, ஒன்றின்மேல் ஒன்று படுத்துறங்கும் உயிரினத்தில் ஒரு நாய்க்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்துவிடும். அதனால் சுற்றுவட்டார ஊர்களின் வீட்டு நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவது முக்கியமாகிறது. அது மக்களையும் காப்பாற்றுவதால் ஊரார் வரவேற்கிறார்கள். சுருக்குக் கம்பிக்கு எதிராக, கழுத்துப்பட்டைகளில் உலோகத் தகடு பொருத்திக் கம்பி இறுகாமல் தடுக்கிறார்கள். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவை ஒட்டிய டெட்டேயில் இயங்கும் பெயின்டட் டாக் கன்சர்வேஷன் அமைப்பினர் காட்டில் அலைந்து திரிந்து கம்பிகளை அகற்றுகிறார்கள். அகற்றிய கம்பியை முறுக்கி உள்ளூர்க் கைவினைஞர்கள் விலங்கு உருவங்கள் செய்து விற்கிறார்கள்.

லைக்கிப்பியாவில் அந்த அழிவுக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு காட்டு நாய்கள் மறுபடி தென்படத் தொடங்கின. சுற்றிலும் திறந்த நிலமும், நிலத்தில் இரையும் இருந்ததால் இரண்டாவது முறையும் அவை நடந்தே வர முடிந்தது. வேலிக்குள் இருக்கும் சிறு காப்பகத்தில் இப்படி ஒரு நோய் வந்தால், அடுத்த கூட்டத்தை மறுபடி விமானத்தில்தான் கொண்டுவர வேண்டும்.

தடுப்பூசிக்கும் வேலிக்கும் அப்பாற்பட்ட ஒன்று மிச்சமிருக்கிறது. காட்டு நாய்கள் விடியலிலும் அந்தியிலும் குளிர்ச்சியான வேளையில் ஓடி வேட்டையாடுபவை. வெப்பம் கூடினால் ஓடும் நேரம் குறைகிறது, வளைக்குத் திரும்பும் இறைச்சியும் குறைகிறது. கென்யா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வு, குட்டிகள் வளையில் இருக்கும் மாதங்கள் வெப்பமாக இருந்தால் பிழைக்கும் குட்டிகளின் எண்ணிக்கை குறைவதைக் காட்டியது. போட்ஸ்வானாவில் முப்பது ஆண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டபோது, நாய்கள் குளிர்ந்த நாட்களைத் தேடி ஈற்றுக் காலத்தை ஏறத்தாழ மூன்று வாரம் தள்ளிப்போட்டிருப்பது தெரிந்தது. ஆனால் அப்படித் தள்ளிப்போட்ட பிறகு, குட்டிகள் வளையைவிட்டு வெளியேறும் நாட்கள் முன்பைவிடச் சூடான பருவத்தில் விழுகின்றன. அந்த நாட்களில் இறக்கும் குட்டிகள் கூடியிருக்கின்றன.